அழுத்தாத கட்டைவிரல்

புதிதாக வந்திருக்கும் பயிற்சியாளர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் ஸ்கேட்டிங் சங்கத்தில் கேட்டார்கள். ஷூவின் கயிற்றை எப்படிக் கட்டுவது, சக்கரத்தை எப்போது மாற்றுவது, சுழலும்போது தலை சுற்றாமல் இருக்க என்ன செய்வது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. என்னைவிட நன்றாகவும் சொல்கிறார்கள். நான் நாற்பத்து நான்கு வயதில் முழங்கால் இரண்டும் தேய்ந்து ஓய்வு பெற்றவள். வேறு வேலையில் இந்த வயதில் பதவி உயர்வு கொடுப்பார்கள். நம் தொழிலில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நான் எழுதப் போவது ஒரு நொடிக்குள் எடுத்த முடிவு ஒன்றைப் பற்றியும், ஒரு மணி நேரம் கழித்துச் சொன்ன பொய் ஒன்றைப் பற்றியும்தான். முடிவு சரியானது. பொய்யும் பாசத்தில் சொன்னதுதான். ஆனாலும் அந்தப் பொய் என் அண்ணனை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. படித்து முடித்தபின் மனம் கனத்தால் என்னைத் திட்டாதீர்கள். சிரிக்க வைக்கிற கதை என்னிடம் அதிகம் இல்லை.

எங்கள் ஊர் சோமனூர். வீட்டுக்குப் பின்னால் விசைத்தறிக் கூடம், எட்டுத் தறி. தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காது கேட்காது. அதனால் நானும் அண்ணனும் வாய்ப் பேச்சு சரியாக வருவதற்கு முன்பே கையால் பேசக் கற்றுக்கொண்டோம் என்று அம்மா சொல்லுவார். சாப்பிட வா, தண்ணீர் கொடு, அப்பா வருகிறார் ஓடு, எல்லாவற்றுக்கும் ஒரு கைச் சாடை இருந்தது. பிற்காலத்தில் நாங்கள் ஜோடியாக ஆடியபோது, இரண்டு பேரும் ஒரே உடம்பு மாதிரி ஆடுகிறார்கள் என்று நடுவர்கள் பாராட்டுவார்கள். எனக்குச் சிரிப்பு வரும். அது எங்கள் கலைத் திறமை இல்லை, தறிச் சத்தம் கொடுத்த பழக்கம்.

பனிக்கட்டியில் ஆடுவதைத்தான் உலகம் ஃபிகர் ஸ்கேட்டிங் என்கிறது. எங்களுக்கு ஐஸ் என்றால் காந்திபுரம் ஜூஸ் கடையில் தம்ளருக்குள் மிதப்பதுதான். நாங்கள் ஆடியது நான்கு சக்கரம் வைத்த ஷூவில். தாவுவதும் சுழல்வதும் தூக்குவதும் அங்கே போலத்தான், விழுவதும் அங்கே போலத்தான். ஆரம்பத்தில் ரிங்க் என்கிற ஆடுதளம் கிடையாது. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பயிற்சி. மொசைக் தரை, வழவழவென்று இருக்கும். ஆடியும் மார்கழியும் எங்களுக்குப் பொன்னான மாதங்கள். முகூர்த்தம் இல்லை, மண்டபம் காலி. மற்ற மாதங்களில் ரசம் சிந்திய இடத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் ஷூவைப் போடுவோம். ஊரே கல்யாணத்துக்கு நாள் பார்க்கும்போது நாங்கள் கல்யாணம் இல்லாத நாள் பார்த்துக்கொண்டிருப்போம்.

தனியாக ஆடியவரை எனக்கு நான்காவது ஐந்தாவது இடம்தான் கிடைத்தது. ஜோடிப் பிரிவுக்குப் போ, நீ சின்ன உருவம், தூக்க வசதியாக இருக்கும், மேலே வந்துவிடுவாய் என்றார் எங்கள் மாஸ்டர். ஒரு பையனையும் சொன்னார். நல்ல பையன்தான். அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"அடுத்த ஊட்டுப் பையன் என்ற புள்ளையோட இடுப்பப் புடிச்சுத் தூக்கறதாக்கும்? ஆடறதுன்னா அண்ணங்கூட ஆடட்டும். இல்லீனா ஊட்ல இருக்கட்டும்."

அண்ணனுக்கு அப்போது பதினாறு, எனக்குப் பதின்மூன்று. அவர் கிரிக்கெட் ஆடுகிறவர். ஸ்கேட்டிங்கில் துளி ஆசை கிடையாது. மட்டையைப் பரண்மேல் போட்டுவிட்டு என்னோடு டவுன் பஸ் ஏறினார். பதினாறு வயதில் புதிதாகச் சக்கரத்தின் மேல் நிற்கக் கற்றுக்கொள்வது எவ்வளவு அவமானம் என்று உங்களுக்கே தெரியும். ஏழு வயதுப் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வந்து சிரிக்கும். உனக்காகத்தான் வந்தேன் என்று அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது அந்தப் பாரத்தைத் தீர்த்திருப்பேன்.

மாஸ்டரின் பெயரை நான் எழுதவில்லை. அவர் இப்போது உயிரோடு இல்லை, பதில் சொல்ல முடியாதவரின் பெயரை இழுப்பது நியாயமில்லை. தூக்குவதற்கு அவர் இரண்டு விதி வைத்திருந்தார். விழுந்தால் தூக்கியவன் கீழே, தூக்கப்பட்டவள் மேலே. இது முதல் விதி. தூக்குவதற்கு முன் பெண் தன் கட்டைவிரலால் பையனின் உள்ளங்கையை ஒருமுறை அழுத்த வேண்டும். இது இரண்டாவது. அழுத்தினால் தூக்கலாம். அழுத்தாவிட்டால் கை கோத்தபடியே சறுக்கிப் போய்விட வேண்டும். பாட்டு ஓடட்டும், மதிப்பெண் போனால் போகட்டும்.

"மேல போறது அவ. போறதா வேண்டாமான்னு அவதான் சொல்லோணும். நீ கீழ நிக்கற தூணு. தூணுக்கு எதுக்கு வாயி?" என்பார்.

எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது ஒருமுறை காய்ச்சலோடு பயிற்சிக்குப் போனேன். அன்று பார்த்து அப்பா வந்து மண்டபத்து வாசலில் நின்றார். அவர் பார்க்கிறாரே என்று அழுத்திவிட்டேன். மேலே போன வேகத்திலேயே எனக்குக் கண் இருட்டியது. அண்ணனுக்கு என்ன தெரிந்ததோ, பாதியிலேயே மெல்ல இறக்கி, சும்மா சறுக்குவதுபோல் என்னைச் சுவர் ஓரம் கொண்டுபோய் நிறுத்தினார்.

"முடியலீனா அழுத்தாத அம்மணி. அப்பன் பாத்தா என்ன, ஆரு பாத்தா என்ன? உன்ற உசுருதான?"

அடுத்தவர்கள் பார்க்கிறார்களே என்பதற்காக அழுத்தக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒருமுறைகூட நான் தவறாக அழுத்தியதில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

அதற்கு அடுத்த வருடம் எங்கள் குழுவில் திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பையன், அழுத்தத்துக்குக் காத்திராமல் தன் ஜோடியைத் தூக்கிவிட்டான். ஒன்றும் ஆகவில்லை. அழகாகத் தூக்கி அழகாக இறக்கினான். அந்தப் பெண் சிரித்துக்கொண்டேதான் இறங்கினாள். மாஸ்டர் விசில் ஊதி அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"அழுத்துனியா?"

"இல்லீங்க மாஸ்டர்."

பையனை அங்கேயே உட்கார வைத்து ஷூவைக் கழற்றச் சொன்னார். கேட்காமல் தூக்குகிறவன் என் தளத்தில் கால் வைக்கக் கூடாது என்றார். அவன் அப்பா ஒரு வாரம் நடையாய் நடந்து பார்த்தார். மாஸ்டர் அசையவில்லை. அந்தப் பையன் அதன்பிறகு எங்கேயும் ஆடவில்லை.

நான் அன்று மாஸ்டரை மனத்துக்குள் கும்பிட்டேன். பெண்பிள்ளைகளை நம்பி விடலாம் என்றால் இவரிடம்தான் விடலாம் என்று தோன்றியது. அந்த விதி சரியானது, இன்றைக்கும் சரியானது. ஆனால் அந்தத் தண்டனை எங்கள் எல்லோருடைய வயிற்றுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. அதை அவர் யோசிக்கவில்லை. எனக்கும் அப்போது யோசிக்கத் தெரியவில்லை.

இருபது வயதில் எனக்குத் தாராபுரத்தில் இடம் பேசி முடித்தார்கள். தோட்டம் துரவு உள்ள குடும்பம். தையில் கல்யாணம். அதற்குமுன் கோயம்புத்தூரிலேயே தென் மாநிலங்களுக்கான போட்டி ஒன்று வந்தது. அதில் மட்டும் ஆடிக்கொள்ளட்டும், அதோடு சரி என்று மாப்பிள்ளை வீட்டில் பெரிய மனது பண்ணினார்கள். எங்களிடம் வெள்ளியும் வெண்கலமும் அலமாரி நிறைய இருந்தன, தங்கம் மட்டும் இல்லை. கடைசியாக ஒரு தங்கம் வாங்கிவிட்டுத்தான் ஷூவைக் கழற்றுவேன் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பின்னால் எல்லோரும் இதைத்தான் எனக்கு எதிராக எடுத்துச் சொன்னார்கள்.

அண்ணனும் இதற்குள் மாறியிருந்தார். கட்டாயத்துக்கு வந்தவருக்கு இந்தச் சக்கரத்தின்மேல் உண்மையாகவே பிடிப்பு வந்துவிட்டது. என் கல்யாணத்துக்குப் பிறகு அவரைத் துணைப் பயிற்சியாளராக வைத்துக்கொள்வதாக மாஸ்டர் வாக்குக் கொடுத்திருந்தார். தறிக்கூடத்திலிருந்து வெளியே வர அண்ணனுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

போட்டிக்குப் பன்னிரண்டு நாள் முன்பு தறிக்கு ஆள் வரவில்லை. பாவு நூல் சுற்றிய பீமை அண்ணன் தனியாகவே தூக்கித் தறியில் ஏற்றினார். இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம். வலது தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"மாஸ்டர்கிட்ட வாயத் தொறந்துபோடாத. தைலம் போட்டா ரெண்டு நாள்ல சரியாயிரும்."

"சரியாகலீன்னா என்னங்ணா பண்றது?"

"நீ எதுக்கு இருக்கறே? ஆகாதுன்னு தோணுச்சுன்னா அழுத்தாத. நான் தூக்க மாட்டேன். அவ்ளோதான்."

முதல் தவறு இங்கேதான் நடந்தது. தோள் அவருடையது, முடிவைக் கொண்டுபோய் என் விரலில் வைத்துவிட்டோம். மாஸ்டரிடம் சொல்லியிருந்தால் அந்தத் தூக்கையே ஆட்டத்திலிருந்து எடுத்திருப்பார். வலியை மறைக்கிறவர்கள் உங்களிடம் வந்து காட்ட மாட்டார்கள். பயிற்சி நேரத்தில் பார்க்காதீர்கள், அப்போது எல்லோரும் நடிப்பார்கள். தண்ணீர்க் குடத்தை எந்தக் கையால் சாய்க்கிறான் என்று பாருங்கள். அண்ணன் அந்தப் பன்னிரண்டு நாளும் இடது கையால்தான் சாய்த்தார். மாஸ்டர் கவனிக்கவில்லை.

போட்டியன்று அப்பாவும் அம்மாவும் மாடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தாராபுரத்திலிருந்து மாப்பிள்ளையின் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். பாட்டுத் தொடங்கியது. தொடக்கத்தில் இடுப்பளவு தூக்கும் சின்னத் தூக்கு ஒன்று. அதற்கு அழுத்தினேன், தூக்கினார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவது என் காதுக்குக் கேட்டது. அடுத்து ஒரு முழுச் சுற்று. அது முடிகிற மூலையில் தலைக்கு மேல் தூக்குகிற பெரிய தூக்கு.

அந்த மூலைக்குத் திரும்பும்போது எனக்குத் தங்கம் வேண்டியிருந்ததா என்றால், வேண்டியிருந்தது. இல்லையென்று சொன்னால் நீங்கள் நம்பவும் மாட்டீர்கள். ஆனால் அவர் மூச்சைக் கேட்ட பிறகு மனம் வேறெதிலும் போகவில்லை. நான் அழுத்தவில்லை. தவறிக்கூடப் பட்டுவிடக் கூடாதென்று கட்டைவிரலை நீட்டியே வைத்திருந்தேன்.

அவர் தூக்கினார்.

ஏன் தூக்கினார் என்று இருபத்து நான்கு வருடமாக யோசிக்கிறேன். ஆயிரம் தடவை செய்து பழகிய உடம்பு தானாகவே செய்திருக்கலாம். தங்கைக்கு அந்தத் தங்கத்தை வாங்கிக் கொடுத்தே தீருவது என்று நினைத்திருக்கலாம். ஒரு சுற்று நன்றாகவே போனது. இரண்டாவது சுற்றில் தோள் விலகியது. விழும்போது அவர் முதல் விதியை மறக்கவில்லை. உடம்பைத் திருப்பி எனக்குக் கீழே வந்தார். என் முழுக் கனமும் அவருடைய வலது கையின் மேல் இறங்கியது. அவர் தலை தரையில் மோதிய சத்தம் பாட்டையும் மீறிக் கேட்டது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தோம். அண்ணன் உள்ளே நினைவில்லாமல் கிடந்தார். அப்பா, அம்மா, தாராபுரத்துக்காரர்கள் இருவர், எல்லோரும் இருந்தார்கள். மாஸ்டர் நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"அழுத்துனியா?"

எனக்கு அந்தத் திருப்பூர்ப் பையன் குனிந்து ஷூவைக் கழற்றியதுதான் கண்ணில் நின்றது. அண்ணன் குணமாகி வருவார், வந்ததும் இவர் அவரையும் கழற்றச் சொல்லுவார், பயிற்சியாளர் வேலையும் போய்விடும் என்று நினைத்தேன். எனக்கு என்ன, தை பிறந்தால் தாராபுரம் போகப் போகிறவள். ஒரு கெட்ட பெயரை இங்கேயே வாங்கிப் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றியது.

"அழுத்துனேனுங்க மாஸ்டர்."

"தோள் வலி உனக்குத் தெரியுமா?" என்று அப்பா கேட்டார். தோளில் ஏற்கெனவே அடி இருந்தது என்று டாக்டர் சொன்னதை யாரோ அதற்குள் கொண்டுவந்து சொல்லியிருந்தார்கள்.

"தெரியுங்கப்பா."

தெரியாது என்றிருந்தால் தப்பித்திருப்பேன். ஒரே நேரத்தில் இரண்டு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மாஸ்டர் திரும்பிப் போனார். அம்மா என் கன்னத்தில் அறைந்தார். மாப்பிள்ளையின் அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "நீங்க இப்ப இதப் பாருங்க, நாங்க அப்பறமா பேசறமுங்க" என்று கிளம்பினார். அப்புறம் பேசவே இல்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணத்தை நிறுத்துவதென்றாலும் மரியாதையாகத்தான் நிறுத்துவார்கள்.

நீங்கள் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. விபத்து நடந்த அன்றே, பெற்றவர்கள் சுற்றி நிற்க, அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். அப்போது வருகிற பதில் நடந்ததைச் சொல்லாது. யாரைக் காப்பாற்ற வேண்டுமோ அவரைக் காப்பாற்றும். தண்டனை எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் பொய் வரும். பொய் சொல்கிற பிள்ளை கெட்ட பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை. நல்ல பிள்ளைகள்தான் இந்த மாதிரிப் பொய்யைக் கண் இமைக்காமல் சொல்லும்.

அண்ணனுக்கு இரண்டு ஆபரேஷன் நடந்தது. ஆனாலும் வலது கை மார்புக்கு மேல் எழும்பவில்லை. கை தூக்க முடியாதவரை மாஸ்டர் எதற்கு வைத்துக்கொள்வார்? நான் எதைக் காப்பாற்றப் பொய் சொன்னேனோ அது நான் பொய் சொல்வதற்கு முன்பே போய்விட்டிருந்தது. வராந்தாவில் நின்ற எனக்கு அது தெரியவில்லை. அண்ணன் தறிக்கே திரும்பினார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் என்னிடம் பேசும் விதமே மாறிவிட்டது. செல்லமாகக் கூப்பிடும் அம்மணி போய் 'வாங்க, போங்க' வந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, கூடப் பிறந்த தங்கையிடம், "சாப்டீங்களா?" என்று கேட்பார். நான் அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். கேட்காமல் தூக்கியது அவருக்குத் தெரியும், பழியை நான் ஏற்றுக்கொண்டதும் தெரியும், அதனால் முகம் பார்க்கக் கூசுகிறார், காலப்போக்கில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை. எடுக்காமல் இருப்பதைப் பெருந்தன்மை என்றும் நினைத்தேன். மறைக்காமல் சொன்னால், அந்தப் பெருந்தன்மை எனக்குக் கொஞ்சம் ருசித்தது.

பிறகு நான் கோயம்புத்தூருக்கு வந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அண்ணன் கையை முறித்தவள் என்ற பெயர் எனக்கு முன்னால் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. கல்யாணப் பேச்சு வரும், விசாரித்துவிட்டு நின்றுபோகும். பத்து வருடத்துக்குப் பிறகு வருவதும் நின்றது. அண்ணனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்தன. விசேஷங்களுக்குப் போவேன், வாங்க என்பார், இலையில் உட்கார வைப்பார், பேருந்து ஏற்றிவிடப் பிள்ளைகளை அனுப்புவார். ஒரு குறை சொல்ல முடியாது. நான் பேருந்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே வருவேன்.

என்னிடம் பயின்ற ஜோடி ஒன்றில் பையன் ஒருநாள் கேட்காமல் தூக்கிவிட்டான். இறங்கிய பெண்ணிடம் நான் வாயைத் திறப்பதற்குள், "அழுத்தினேன் மிஸ்" என்றாள். கேட்காத கேள்விக்கு முந்திக்கொண்டு வருகிற பதிலை நம்பாதீர்கள். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இங்கே யாரையும் வெளியே அனுப்ப மாட்டேன், அவன் ஒரு வாரம் தூக்காமல் ஆடுவான், அவ்வளவுதான் என்றேன். நடந்ததைச் சொல்லிவிட்டாள். அந்தப் பையனும் தலை குனிந்து ஒத்துக்கொண்டான். ஊரான் பிள்ளையிடம் இதைக் கேட்டு வாங்கத் தெரிந்த எனக்கு, சொந்த அண்ணனிடம் போய்ச் சொல்லத் தெரியவில்லை.

என் விடைபெறும் விழாவுக்கு வருகிறேன். நீங்களும் இருந்தீர்கள். எனக்குத் தெரியாமல் சங்கத்தில் அண்ணனை அழைத்திருந்தார்கள். வெள்ளை வேட்டி சட்டையில், வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு மேடை ஏறினார். அவர் பேசியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

"எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லீங்க. என்ற தங்கச்சிக்கு அன்னைக்கு இருவது வயசு. செயிக்கோணும்னு ஆசை. என்ற தோள் வலி தெரிஞ்சேதான் அழுத்திப்போட்டுது. ரொம்ப வருசம் எனக்கு மனசு ஆறலீங்க. இப்ப இத்தன கொழந்தைகள ஆளாக்கியிருக்குதுன்னு கேள்விப்பட்டேன். நான் மன்னிச்சுப்போட்டேனுங்க. அத நேர்ல சொல்லிப்போட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினீர்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். அவரால் கையை உயர்த்தி மாலை போட முடியாது. நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். குனிந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு நடந்தது தெரியவே தெரியாது. நான் வராந்தாவில் சொன்ன பொய்யைத்தான் அவர் இத்தனை வருடமும் உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அவர் என்னைப் பார்த்துக் கூசவில்லை. கோபப்பட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் தூங்கவில்லை. சொன்னால் அவருக்கு என்ன லாபம்? தன் கையைத் தானே கெடுத்துக்கொண்டார், ஒன்றும் செய்யாத தங்கையை ஊரார் முன் மன்னித்தார் என்று தெரிவதுதான் மிச்சம். பேசாமல் இருந்தால் அவராவது நிம்மதியாக இருப்பார். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் செய்யாத குற்றத்துக்கு மைக்கில் மன்னிப்பு வாங்கியதை என்னால் விழுங்க முடியவில்லை. அண்ணனுக்காகப் போனேன் என்று எழுத ஆசைதான். எனக்காகத்தான் போனேன்.

சோமனூரில் இப்போது நான்கு தறிதான் ஓடுகிறது. என்னைப் பார்த்ததும், "வாங்க" என்று ஒவ்வொன்றாக நிறுத்தினார். பகல் நேரத்தில் அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

"அன்னைக்கு நான் அழுத்தலீங்ணா."

"எத?"

"விரல அழுத்தவே இல்ல. மாஸ்டர்கிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்."

அவர் மெதுவாகப் பலகையில் உட்கார்ந்தார்.

"எனக்கு அன்னைக்குக் காத்தால பஸ் ஏறுனது மட்டுந்தான் ஞாவகம் இருக்குது. அப்பறம் ஆஸ்பத்திரிலதான் முழிச்சேன். உன்ற தங்கச்சி தெரிஞ்சே அழுத்திப்போட்டா, கேட்டா ஆமாங்கறான்னு அம்மா சொல்லுச்சு."

"அம்மாவுக்கும் தெரியாதுங்ணா."

"எதுக்குப் பொய் சொன்னே?"

"மாஸ்டர் உங்களத் தளத்துல சேத்திக்க மாட்டாருன்னு பயந்துபோட்டேன்."

சிரித்தார். சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருடமாகிறது, இப்படியொரு சிரிப்பைப் பார்க்க வேண்டியிருந்தது.

"கையே போயிருச்சு. தளத்துல சேத்தி என்ன பண்றது?"

பிறகு தனக்குத் தானே சொல்வதுபோல், "அப்ப நாந்தான் கேக்காமத் தூக்குனேன்" என்றார்.

"பயத்துல என்ற கை இறுகியிருக்கும். அழுத்துனதா நீங்க நெனச்சிருப்பீங்க."

"மறுபடியும் பொய் சொல்லாத."

தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பக்கத்துத் தறியின் மேலிருந்த பஞ்சை இடது கையால் தட்டிவிட்டார். பிறகு, மேடையில் தான் பேசியதைக் கேட்டவர்கள் எல்லோரிடமும் நடந்ததைச் சொல்லச் சொன்னார். ஒருத்தரையும் விடக் கூடாது என்றார். சொல்கிறேன் என்றேன். அவர் சொன்னதற்காகத்தான் இதை எழுதியிருக்கிறேன்.

கிளம்பும்போது அவர் முன்னால் போய் நின்றேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். எதற்கு மன்னிப்பு, பொய்க்கா, இத்தனை வருடம் கழித்துச் சொன்ன உண்மைக்கா என்று எனக்கே தெரியவில்லை. அவர் வலது தோளைத் தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமல்தான் பேசினார்.

"மழக்காலத்துல இது உசுர் போறாப்புல வலிக்கும். அப்பெல்லாம் உன்னையத்தான் திட்டிக்குவேன். திட்டுனா கொஞ்சம் வலி கொறையும். இனி நான் ஆரைத் திட்டறது கண்ணு?"